டோரதி அம்மாவின் கோட்டு

1

இன்று வேலையில் ஓர் அம்மாவின் துணிகளை மடித்துப் பையில் போட்டேன். முந்தாநாள் இறந்துபோனவர். பிள்ளைகள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள். துணிமணி எதுவும் எங்களுக்கு வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் மடிக்க மடிக்க, பக்கத்தில் இன்னொரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் முதியோர் இல்லத்தில் இப்போது அப்படி ஒரு விதி. இறந்தவர்களின் பொருளைத் தொடும்போது அறையில் இரண்டு பேர் இருக்க வேண்டும். அந்தப் பெண் வேலைக்குப் புதிது. எதற்கு இந்த விதி, நேரம்தானே வீண் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த விதி வந்ததே என்னால்தான். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. என்னைத் தெரியாதவர்களுக்காவது எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மங்கை. நெய்வேலிக்குப் பக்கத்து வடக்குத்து எனக்கு ஊர். அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே கொட்டிக்கிடக்கும் கரியை வாரிப் போடுகிற வேலை. பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்து, ஆகாமலே போய்ச் சேர்ந்தார். நான் நர்சிங் படித்து, கடலூரில் வேலை பார்த்து, கல்யாணம் ஆகி, பிறகு இங்கிலாந்தில் இந்தக் கடலோர ஊருக்கு வந்தேன். ஊரில் என்னை நர்ஸ் என்றார்கள். இங்கே முதியவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிடுகிற வேலை. என் கணவர் மூர்த்தி ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறார். மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. மகன் கவின் சின்னவன்.

எங்கள் நாலு பேரின் விசாவும் என் வேலையோடு கட்டப்பட்டது. இந்த வேலை போனால் வேறு முதலாளியைத் தேட ஏதோ கொஞ்சம் அவகாசம் கொடுப்பார்கள். கிடைக்காவிட்டால் நாலு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். விசாவைப் புதுப்பிக்கும்போது நாலு பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிய தொகையை நினைத்தால் சோறு இறங்காது. வாடகையைக் குறைக்க முடியாது. வீட்டைச் சூடாக்குகிற கேஸ் செலவைக் குறைத்தால் கவினுக்கு இழுப்பு வந்துவிடும். கை வைக்க முடிந்தது துணியில் மட்டும்தான்.

2

இங்கே கடைத்தெருவில் சாரிட்டி ஷாப் என்று உண்டு. வீட்டில் வேண்டாத துணி, தட்டு, புத்தகம் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை விற்று நல்ல காரியத்துக்குச் செலவு செய்வார்கள். எங்கள் குடும்பத்துக்கே அதுதான் துணிக்கடை. எந்தக் கிழமை புதுச் சரக்கை மாட்டுவார்கள் என்று தெரிந்துவைத்திருந்தேன். கவினுக்கு எப்போதும் ஒரு அளவு பெரிதாகவே எடுப்பேன். கையை மடித்துவிட்டால் இரண்டு குளிர் தாங்கும். கோடையில் கம்பளிச் சட்டை, குளிர்காலத்தில் அரைக்கால் சட்டை என்று மாற்றி வாங்கினால் இன்னும் மலிவு.

வந்த புதிதில் அந்தக் கடையில் ஒருநாள், என் கணவருக்குப் பழைய பேண்ட்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கல்லாவில் இருந்த இரண்டு பாட்டிகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதெல்லாம் நாங்கள் வாங்குவதில்லை, விற்பதும் இல்லை என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். நான் விடவில்லை. பெரிய இடுப்பளவு இருந்தாலும் பரவாயில்லை, வீட்டில் பிடித்துத் தைத்துக்கொள்வேன் என்றேன். இனியா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். இங்கே பேண்ட்ஸ் என்றால் உள்ளாடையாம். தெருமுனை வரை அவள் முகம் சிவந்திருந்தது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கடைக்கு என்னோடு வந்தாலும் உள்ளே ஒட்டி நிற்க மாட்டாள். வீட்டில் போட்டுப் பார்த்து, பிடித்திருந்தால் பள்ளிக்கூடத்தில் ஏதாவது பெரிய கடையின் பெயரைச் சொல்லிக்கொள்வாள். எனக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

3

நானும் அடுத்தவர் துணியில்தான் வளர்ந்தேன். அம்மா டவுன்ஷிப்பில் மூன்று குவார்ட்டர்ஸ் வீடுகளில் வேலை செய்தது. அதில் ஒரு வீட்டுக்காரர்கள் கோயமுத்தூர்ப் பக்கம். அந்த வீட்டு அம்மாவின் மகள் சங்கீதா என் வகுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை சங்கீதாவுக்குச் சின்னதாகிப்போன துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுப்பார். "நல்லாத் தொவச்சுத்தான் வெச்சிருக்கேனுங்க. சங்கடப்படாம எடுத்துக்கோங்க" என்பார். வேலைக்காரி என்று ஒருநாளும் மட்டமாகப் பேசியவரில்லை. அம்மாவும் மறுப்பதில்லை.

ஆனால் அந்தத் துணியை அப்படியே போட்டுக்கொண்டு அதே பள்ளிக்கூடத்துக்கு நான் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. மெயின் பஜாரில் சாயப் பாக்கெட் வாங்கிவந்து, உப்பைப் போட்டு அலுமினியக் குண்டானில் கொதிக்கவிட்டு, வந்த துணி எல்லாவற்றையும் முக்கி எடுத்தது. சாயம் வீணாகக்கூடாது என்று அப்பாவின் வெளுத்த சட்டை, அம்மாவின் ரவிக்கை, தம்பியின் டிரவுசர் எல்லாம் அதே குண்டானில் விழும். கருநீலம்தான் வாங்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் பறந்துவந்து கொடியில் காயும் துணியில் படிகிற ஊர் அது. வெளிர் நிறம் எதுவும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போனால், என்ன, பேண்டு செட் வருதா என்று கேட்பார்கள். வெயிலில் வியர்த்தால் கழுத்தும் அக்குளும் நீலமாகிவிடும்.

எட்டாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, கலர் டிரஸ் போடுகிற நாள், கருநீலப் பாவாடை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனேன். அதன் ஓரத்தில் சங்கீதாவின் அம்மா நூலில் போட்ட ஒரு வாத்து இருந்தது. பாவாடை சாயத்தைக் குடித்தது, அந்த நூல் குடிக்கவில்லை. முன்பு ரோஸ் துணியில் தெரிந்தும் தெரியாமலும் இருந்த வெள்ளை வாத்து, இப்போது கருநீலத்தில் பளிச்சென்று நின்றது. அம்மாவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. சங்கீதா கவனித்தாள். குனிந்து பார்த்து, "இது எங்கம்மா போட்டது" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. யாரோ தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி சந்தோஷமாகத்தான் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மத்தியானம் கக்கூஸில் உட்கார்ந்து ஊக்கால் அந்த வாத்தைப் பிரித்து எடுத்தேன். வாத்து போய்விட்டது. ஊசி போன ஓட்டைகள் அதே வாத்து வடிவத்தில் இருந்தன. நல்ல துணியைப் பாழ் பண்ணிவிட்டேன் என்று அம்மா அன்றைக்கு என்னை அடித்தது. என் பிள்ளைகளுக்கு என்றைக்கும் புதுத்துணிதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பர்மனென்ட் ஆகிவிடும் என்று அப்பா நினைத்த மாதிரிதான் அதுவும்.

4

டோரதி அம்மா எங்கள் இல்லத்தில் நான் பார்த்துக்கொண்டவர்களில் ஒருவர். என் பெயர் அவர் வாயில் நுழையாது. மேங்கோ என்றுதான் கூப்பிடுவார். ஒரே மகன், ஆஸ்திரேலியாவில். அவர் இறந்தபோது மகன் போனில் பேசினாரே தவிர வரவில்லை. சாமான் எதுவும் வேண்டாம் என்றார். மேலாளர் சொன்னபடி நான்தான் துணிகளை மடித்துப் பைகளில் கட்டினேன். அதில் ஒரு கருஞ்சிவப்புக் கம்பளிக் கோட்டு இருந்தது. பித்தளைப் பொத்தான், உள்ளே பட்டு மாதிரி லைனிங். அவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனதை நான் பார்த்ததே இல்லை. பைகளைக் கடைத்தெரு சாரிட்டி ஷாப் வண்டி வந்து எடுத்துப்போனது.

அடுத்து வந்த ஒரு சனிக்கிழமை இனியாவுக்குக் கோட்டுத் தேடிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். வரிசையில் டோரதி அம்மாவின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இனியாவுக்கும் அதுதான் பிடித்தது, ஆனால் அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. இறந்தவர் துணி என்றால் ஊரில் யாரும் தொடமாட்டார்கள். எனக்கு அந்த அருவருப்பு இந்த வேலைக்கு வந்தபோதே போய்விட்டது. என்னைப் பிரியமாகக் கூப்பிட்ட ஒருவரின் கோட்டு என் மகளுக்கு வருகிறது என்று மனசுக்கு இதமாகவே இருந்தது.

கல்லாவுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தால் இனியாவைக் காணோம். கல்லாவில் நின்றது அவள் வகுப்பில் படிக்கும் ஹோலி. சனிக்கிழமைகளில் இப்படிக் கடைகளில் சம்பளமில்லாமல் வேலை செய்தால் பள்ளிக்கூடத்தில் ஏதோ சான்றிதழ் தருவார்கள். இனியா ஜன்னல் திரைகள் தொங்குகிற மூலையில் போய் நின்றுகொண்டாள். நான் மட்டும் காசைக் கொடுத்து வாங்கினேன். ஹோலி சிரித்து, அழகான கோட்டு என்றாள். ரசீதைப் பேருந்து நிறுத்தத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

இல்லத்தில் எல்லோர் துணியும் ஒரே மெஷினில் துவைபடும். மாறிப்போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் பெயர் அச்சடித்த நாடாத் துண்டு இருக்கும். கோட்டின் கழுத்தில் இருந்ததை அன்றைக்கே வெட்டி எடுத்தேன். உள்பையில் இன்னொன்று இருந்தது எனக்குத் தெரியாது.

மழை பெய்த ஒரு சாயங்காலம், இனியா வீட்டுச் சாவியை மறந்துவிட்டு என்னைத் தேடி இல்லத்துக்கு வந்தாள். வாசலில் கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை வாங்கி மாட்டப்போன மூத்த பணியாளருக்குப் பித்தளைப் பொத்தானைப் பார்த்ததும் ஞாபகம் வந்திருக்கிறது. உள்பையைத் திருப்பியிருக்கிறார்.

மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கோட்டு மேஜைமேல் கிடந்தது. குரலை உயர்த்தவே இல்லை. இறந்தவரின் துணிகளைக் கட்டியது நீங்கள்தானே, அப்போது கூட யார் இருந்தார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை. கடையில் வாங்கினேன் என்றேன். ரசீது கேட்டார். இல்லை. கழுத்தில் இருந்த பெயரை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதிலை இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை. தமிழிலும் சொல்லியிருப்பேனா என்று சந்தேகம்தான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார். திருட்டு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. வெளியே நாற்காலியில் இனியா பள்ளிக்கூடச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அப்படியே மழையில் நடந்து வீட்டுக்கு வந்தோம். வழியில்தான் அது டோரதி அம்மாவின் கோட்டு என்று அவளிடம் சொன்னேன்.

5

மறுநாள் அந்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். பெண்கள் கோட்டு என்று மட்டும்தான் கணக்கில் விழும், எந்தக் கோட்டு, யார் வாங்கினார்கள் என்றெல்லாம் இருக்காது என்றார்கள். அப்படியானால் நான் காசு கொடுத்து வாங்கியதைப் பார்த்த ஆள் ஹோலி ஒருத்திதான்.

மூர்த்தி சாப்பிடவே இல்லை. ஒரு கோட்டால் நாலு பேரும் ஊருக்குத் திரும்பப்போகிறோமா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனால் அங்கே என்ன இருக்கிறது. வடக்குத்து வீட்டை அடகு வைத்துத்தான் கிளம்பி வந்தோம். நான் ஹோலி வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். இனியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க போகாதீங்கம்மா."

"பின்ன யாரு போறது?"

"நீங்க போனா அழுவீங்க. அவங்கம்மா டீ போட்டுக் குடுப்பாங்க. அப்புறம் எல்லார்கிட்டயும் பாவம்னு சொல்லுவாங்க. நானே கேக்கறேன்."

அவள் எப்போது கேட்டாள், என்ன சொல்லிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரமே ஹோலி தன் அம்மாவோடு இல்லத்துக்கு வந்தாள். மேலாளர் அறையில் எல்லோரும் உட்கார்ந்தோம். இனியா என் பக்கத்தில் இருந்தாள். ஹோலி நல்ல பெண். நேராகப் பார்த்துப் பேசினாள். இந்தக் கோட்டுதான், நான்தான் விற்றேன், இவர்தான் காசு கொடுத்தார் என்றாள். இத்தனை பேர் வந்துபோகிற கடையில் எப்படி இவ்வளவு உறுதியாக ஞாபகம் இருக்கிறது என்று மேலாளர் கேட்டார்.

ஹோலி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள். இனியாவும் அன்றைக்குக் கடையில் இருந்தாள். திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். திரைக்குக் கீழே அவளுடைய ஷூ தெரிந்தது. நான் பார்த்ததாகக் காட்டிக்கொண்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன் என்றாள்.

மேலாளர் அதை எழுதிக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது. நான் இனியாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கை என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வேலை திரும்பக் கிடைத்தது. நீங்கள் புரிந்துகொள்வீர்கள், கேட்க வேண்டியது எங்கள் கடமை என்றார் மேலாளர். புரிகிறது என்றேன். அந்த மூத்த பணியாளர் எனக்கு ஒரு டப்பா பிஸ்கட் வாங்கிவந்து கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு பேர் இருக்க வேண்டும் என்ற விதி அடுத்த மாதமே சுவரில் ஒட்டப்பட்டது. கோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பித் தந்தார்கள்.

இனியா அதைத் தொடவில்லை. மூர்த்தி விசாவுக்கு வைத்திருந்த பணத்தில் கை வைத்துப் பெரிய கடையில் புதுக் கோட்டு ஒன்று வாங்கிவந்தார். அதையும் போடவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடத்து மெல்லிய பிளேஸரோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு அவள் நிற்பதை ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இருமல் வந்தது. இரண்டு தடவை டாக்டரிடம் போனோம். போட்டுக்கொள் என்று கெஞ்சினேன், திட்டினேன். குளிரவில்லை என்று இங்கிலீஷில் பதில் வரும். அதற்குப் பிறகு வீட்டில் அவள் பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான். அதுவும் கேட்டதற்கு மட்டும். ஹோலியோடு பேசுகிறாளா என்று ஒருநாள் கேட்டேன். ஹோலி என்னிடம் ரொம்ப அன்பாக இருக்கிறாள் என்றாள். அவள் சொன்ன விதத்தில் அதைவிட மோசமான ஒன்று இருக்க முடியாது என்று தெரிந்தது.

நானும் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை. கவினுக்கு ஏதாவது வேண்டுமென்றால் பேருந்து பிடித்து, எங்களைத் தெரியாத பக்கத்து ஊருக்குப் போய் வாங்குகிறேன். மிச்சம் பிடித்தது பேருந்துக்குப் போய்விடுகிறது.

6

போன வாரம் அம்மா வடக்குத்திலிருந்து போன் செய்தது. அங்கே மழை விடாமல் பெய்கிறதாம். தம்பிக்கு ஷிப்ட் மாறியிருக்கிறது, அவனும் கான்ட்ராக்ட்தான். இதெல்லாம் சொல்லிவிட்டு, "தீபாவளி வருதே, புள்ளைங்களுக்குத் துணி எடுத்தியா, இல்ல வேல வேலன்னு ஓடிக்கினு கெடக்கிறியா?" என்று கேட்டது.

கோட்டுக் கதை எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. எடுத்துட்டேன்மா என்றேன். ரெண்டு பேருக்குமா என்று கேட்டது. ரெண்டு பேருக்கும்தான், இனியாவுக்குச் சுடிதார், கவினுக்கு ஜீன்ஸ், எல்லாம் புதுசு என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். "போட்டுக்கினு போட்டோ எடுத்து அனுப்பு. தெருவுல எல்லாருகிட்டயும் காட்டணும்" என்றது. சரி என்று போனை வைத்தேன். துணி எதுவும் எடுக்கவில்லை. இந்த மாதம் எடுக்கவும் முடியாது.

திரும்பினால் சமையலறை வாசலில் இனியா நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க வந்திருப்பாள் போல. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்கப்போகிறாள் என நினைத்தேன். பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு, இத்தனை மாதத்துக்கு அப்புறம், தமிழில் கேட்டாள்.

"ஆயா என்கிட்ட பேசும்போது கேப்பாங்க. என்ன கலர்னு சொல்லட்டும்?"

பச்சை என்றேன்.

"சரி, பச்சை" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள்.